முதல் தீர்த்தக்குடமும் சாத்துக்குடித் தோலும்

அன்று காலை எங்கள் வீட்டு ஆசாரத்தில், அதாவது முன்கூடத்தில், இருந்தவர்கள் யார் யார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கோயில் கமிட்டித் தலைவர் ஆத்தப்பன். பூசாரி மணியன். என் பங்காளி நல்லான். பெரியப்பா வழியில் எனக்குத் தம்பி முறை. வீட்டார் என்று மகுடேஸ்வரனாகிய நான், என் மனைவி சுப்பாத்தாள், பெருமாநல்லூரில் எங்கள் பனியன் கம்பெனியைப் பார்த்துக்கொள்ளும் மகன் தரணீதரன். அவன் மனைவி நித்யஸ்ரீ சற்றுத் தாமதமாக வந்து சேர்ந்தாள். வீட்டு வேலைக்கு வரும் ராமுத்தாய் சமையலறை நிலைப்படியில் நின்றாள். இவ்வளவு பேர்தான். சுவருக்கு மேலே எட்டிப் பார்த்ததாகச் சொல்கிறவர்கள் யாரும் பார்க்கவில்லை. எங்கள் மதில் எட்டிப் பார்க்கிற உயரத்தில் இல்லை.

வந்தவர்கள் வந்த காரியம் பெரிய காரியம். மாரியாத்தா கோயிலில் நோம்பி சாட்டியாகிவிட்டது, அதாவது திருவிழா அறிவித்தாகிவிட்டது. கொடுமுடிக்குப் போய்க் காவிரித் தீர்த்தம் எடுத்து வரும்போது முதல் குடம் எங்கள் வீட்டுத் தோளில்தான் வரும். என் பாட்டனார் சுமந்தார், அப்பா சுமந்தார், நான் சுமந்தேன். என் முழங்கால் மக்கர் செய்ய ஆரம்பித்த பிறகு தரணீதரன் சுமக்கிறான். அதற்கான தாம்பூலத்தைக் கமிட்டியார் வீடு தேடிக் கொண்டுவந்து கொடுப்பது வழக்கம். நாங்கள் கோயிலுக்குப் போய் வாங்குவதில்லை.

இதற்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. நோம்பி சாட்டிய நாள் முதல் முடிகிற வரைக்கும் முதல் குடம் எடுக்கிற வீட்டில் கறி சமைக்கக் கூடாது, மது வாசல் ஏறக் கூடாது. கறியை விடுவதுதான் எங்களுக்குச் சிரமம். மது எங்கள் வாசலை எந்தக் காலத்திலும் ஏறியதில்லை. கட்டுப்பாடு தவறினால் முதல் குடம் அடுத்த பாத்தியதைக்காரனுக்குப் போகும். அடுத்த பாத்தியதைக்காரன் நல்லான். சொந்தப் பிள்ளைகளின் பிறந்த நாளை மறந்தாலும் அவன் இதை மறந்ததில்லை.

இனி எங்கள் ஸ்டோர் ரூமைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சுப்பாத்தாளுக்குப் போன வருடம் ஓர் இருமல் பிடித்தது. பாத்ரூமுக்கு ஆசிட் ஊற்றிய நாளில் எல்லாம் இருமல், மூச்சிரைப்பு. டாக்டர் மருந்து எழுதினார். மருமகள் அதோடு விடாமல், வீட்டில் இருந்த ஆசிட், பினாயில், நீலமாகவும் பச்சையாகவும் வாசனையடிக்கிற அத்தனை பாட்டில்களையும் வாசலுக்கு வெளியே வைத்துவிட்டாள். பதிலுக்கு எல்லாவற்றையும் தானே செய்தாள். பாத்திரத்துக்குப் பூந்திக்கொட்டையை ஊறவைத்துக் காய்ச்சி வடித்த நுரைத் தண்ணீர். பித்தளைக்குப் புளியும் உப்பும். இதுவரைக்கும் சரி, நல்ல குடும்பங்களில் செய்யக்கூடியதுதான். ஆனால் தரைக்கும் பாத்ரூமுக்கும் அவள் தேர்ந்தெடுத்தது சாத்துக்குடித் தோல். ஒரு பங்கு வெல்லம், மூன்று பங்கு தோல், பத்துப் பங்கு தண்ணீர். டிரம்மில் போட்டு மூடி மூன்று மாதம் புளிக்க வைத்து வடித்தால் அதுவே தரை துடைக்கிற தண்ணீர்.

அத்தனை தோலுக்கு எங்கே போவது? நாங்கள் சாத்துக்குடி தின்று தீர்க்கிற குடும்பம் இல்லை. பெருமாநல்லூர் நால்ரோட்டு ஜூஸ் கடையில் மலைபோல் கிடக்கிறது என்று கண்டுபிடித்தாள். பனியன் போடுகிற எங்கள் கம்பெனி பாலிதீன் கவரில், எங்கள் பெயர் அச்சடித்த கவரில், ஜூஸ் கடைச் சக்கை காரில் ஏறி வீட்டுக்கு வந்தது.

நல்லான் என்னை பஸ் ஸ்டாப்பில் பிடித்தான். நாலு பேர் நிற்கிற இடமாகப் பார்த்துத்தான் பிடித்தான்.

"ஏனுங்கண்ணா, ஊட்டுல புதுசா எருமை ஏதாச்சும் புடிச்சிருக்கீங்களா? காரு தெனமும் ஜூஸ் கடையில நின்னு சக்கை ஏத்துதுங்களே!"

"எருமை இல்லப்பா. உனக்கு வேணும்னாச் சொல்லு, ரெண்டு கவரு அனுப்பி வெக்கறேன்" என்றேன்.

நாலு பேரும் சிரித்தார்கள். ஆனாலும் எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. வீட்டுக்கு வந்து நித்யஸ்ரீயிடம் சொன்னேன். அவள் நிதானமாகக் கேட்டுவிட்டு, "அப்பறம் வெல்லம் சில்லறையா வாங்கினாக் கட்டுபடியாகலீங்க மாமா. ஒரு சிப்பமா வாங்கிப்போட்டேனுங்க" என்றாள். சிப்பம் என்றால் மூட்டை. கவுந்தப்பாடியிலிருந்து டெம்போவில் வந்து, நல்லான் வீட்டைத் தாண்டித்தான் எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கியது.

முதல் தடவை செய்தது வடிந்து வந்தது. தேன் நிறத்தில் இருந்தது. ஒரு மூடி ஊற்றித் துடைத்தால் கிரானைட் தரை முகம் பார்க்கிற மாதிரி ஆனது. சுப்பாத்தாளின் இருமல் நின்றது. நான் மறுக்கவில்லை. இருமல் வேறு, ஜூஸ் கடை வாசலில் நிற்கும் எங்கள் கார் வேறு.

இரண்டாம் தடவைக்கு மூன்று டிரம். நீல நிறம், மூடிக்கு லாக் ரிங் போட்டது. புளிக்கும்போது உள்ளே காற்று சேருமாம். முதல் ஒரு மாதத்துக்குத் தினமும் மூடியைத் தளர்த்தி அதை வெளியே விட வேண்டுமாம். அவள் காலையில் காப்பி குடிப்பதற்கு முன்னால் போய் மூடிகளைத் திறப்பாள். "புஸ்" என்று ஒரு சத்தம் வரும். தொடர்ந்து ஒரு வாசம் வரும். அந்த வாசத்தைப் பற்றி நான் இங்கே விவரிக்கப் போவதில்லை.

நோம்பி சாட்டிய மறுநாள், நித்யஸ்ரீயின் அப்புச்சிக்கு, அவள் அம்மாவின் அப்பாவுக்கு, உடம்பு முடியவில்லை என்று போன் வந்து அவள் அமராவதி நகர் போனாள். மூடி திறக்கிற பொறுப்பை ராமுத்தாயிடம் விட்டுப் போனாள். நான் யோசித்தேன். இன்றைக்கோ நாளைக்கோ கமிட்டியார் தாம்பூலத்தோடு வருவார்கள். ஆசாரத்துக்கு அடுத்த அறையில் புளித்த வாசத்தோடு மூன்று டிரம் வாய் திறந்து கிடப்பதா? ஒறம்பரை, அதாவது விருந்தாளி, வருகிற வீட்டில் எதுவும் திறந்து கிடக்கக் கூடாது என்பது என் அம்மா காலத்து ஒழுங்கு. மூன்று மூடிகளையும் இறுக்கினேன். லாக் ரிங்கை அழுத்திப் பூட்டினேன். ஸ்டோர் ரூமையும் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

ராமுத்தாய் வந்து நின்றாள். சிவகாசிப் பக்கத்துக்காரி. பயப்படாமல் பேசுவாள்.

"ஐயா, மூடியத் தெறந்து விடணும்னு அக்கா சொல்லிட்டுப் போயிருக்காக."

"நோம்பி முடியட்டும்."

"அதுக்கு நோம்பியெல்லாம் தெரியாதுங்கய்யா. தெறக்காட்டி வெடிச்சிரும்னாக."

"சிவகாசியில இருந்து வந்தா எதைப் பாத்தாலும் வெடிக்கிற மாதிரித்தான் தெரியும். போயி வேலையப் பாரு."

நாலாம் நாள் காலையில் கமிட்டியார் வந்தார்கள். ஆத்தப்பன், தாம்பூலத் தட்டோடு மணியன். கூடவே நல்லான், அழைக்காத இடத்துக்கும் அவன் சரியான நேரத்துக்கு வருவான். சுப்பாத்தாள் மோர் கொடுத்தாள். ஆத்தப்பன் மழையைப் பற்றிப் பேசினார், நூல் விலையைப் பற்றிப் பேசினார். இரண்டும் பேசாமல் எங்கள் பக்கத்தில் எந்த நல்ல காரியமும் ஆரம்பிக்காது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு தட்டுக்குக் கை நீட்டினார்.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஆட்டோ நின்றது. பையைக்கூடக் கீழே வைக்காமல் நித்யஸ்ரீ உள்ளே வந்தாள். வந்தவர்களுக்கு ஒரு கும்பிடு போட்டாள். நேராக என்னிடம் வந்தாள்.

"மாமா, ஸ்டோர் ரூம் சாவி எங்கீங்க?"

"ஒறம்பரை வந்திருக்காங்க அம்மிணி. பொறகு பாக்கலாம்."

"பொறகு பாக்கறதுக்கு அது இருக்காதுங்க மாமா."

"என்ன பேச்சு இது, பெரியவங்க முன்னால…"

நான் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. ஸ்டோர் ரூமுக்குள் ஒரு சத்தம் கேட்டது. கோயில் வேட்டு எத்தனையோ கேட்டிருக்கிறேன். இது வீட்டுக்குள் கேட்டது. கதவு அதிர்ந்தது. சுவரில் இருந்த என் அப்பா படம் சாய்ந்தது. "ஆத்தாடி, சிலிண்டரு!" என்று ராமுத்தாய் கொல்லைப்பக்கம் ஓடினாள். பூசாரி மணியன் தட்டோடு சோபா மேல் ஏறி நின்றார். தட்டில் இருந்து ஒரு வெற்றிலைகூடக் கீழே விழவில்லை. அவர் கைப்பழக்கம் அப்படி.

கதவுக்கு அடியில் இருந்து பழுப்புத் தண்ணீர் மெதுவாக ஆசாரத்துக்குள் வந்தது. நுரையோடு வந்தது. அதன் மேல் ஒரு சாத்துக்குடித் தோல் தோணி மாதிரி மிதந்து வந்து, ஆத்தப்பனின் கால் விரலைத் தொட்டு நின்றது.

நல்லான் மட்டும் மூக்கை உயர்த்தி இரண்டு தரம் இழுத்தான்.

"அண்ணா, தப்பா நெனைக்காதீங்க. இது ஊறல் வாசமுங்க."

சாராயம் காய்ச்சுவதற்காக வெல்லத்தைப் புளிக்கப்போட்டு வைப்பதை ஊறல் என்பார்கள். எங்கள் வீட்டு ஆசாரத்தில் அந்தச் சொல்லை அதற்கு முன்னால் யாரும் உச்சரித்ததில்லை.

சுப்பாத்தாள்தான் முதலில் வாய் திறந்தாள். "ஏனுங் கொழுந்தனாரே, எங்களுக்கெல்லாம் வெல்ல வாசம்தான் அடிக்குது. உங்க மூக்குக்கு மட்டும் எப்படீங்க அத்தனை வெரசா வெளங்குது?"

"நான் கேள்விப்பட்டதச் சொல்றனுங் அண்ணி. மூட்டை மூட்டையா வெல்லம் வந்து எறங்குது, தோலு வந்து எறங்குது, டிரம்முல போட்டுப் பூட்டி வெக்கறாங்க. ஊருக்குள்ள நாலு பேரு கேக்கறாங்கள்ல?"

தரணீதரன் எழுந்தான். "சித்தப்பா, அது பாத்ரூம் கழுவறதுங்க. நித்யா செய்யறது. வேணும்னா எங்கூட்டு பாத்ரூமப் போயிப் பாருங்க."

"பாத்ரூமப் பாக்கறதுக்கா நாங்க தாம்பூலத்தோட வந்தோம்?" என்றான் நல்லான்.

ஆத்தப்பன் கையை உயர்த்தினார். நியாயமான மனிதர். அவருக்கும் சங்கடம். "அண்ணா, உங்க ஊட்டப் பத்தி எனக்குத் தெரியாதுங்களா? ஆனா நோம்பி சாட்டியிருக்குது. இவரு ஒரு வார்த்தை சொல்லிப்போட்டாரு. நாளைக்குக் கோயில்ல வெச்சு நாலு பேரு கேட்டா நான் என்ன சொல்றது? பூசாரி கற்பூரம் ஏத்தட்டும். எங்கூட்டுல மது இல்லைன்னு கற்பூரத்தை அடிச்சு ஒரு வார்த்தை சொல்லீருங்க. தட்டைக் கையில குடுத்துட்டு நான் கெளம்பீர்றேன்."

எனக்கு அது அவமானமாகத்தான் இருந்தது. என் சொல்லுக்குக் கற்பூரம் தேவைப்பட்ட நாள் அதுவரை வந்ததில்லை. ஆனாலும் சரி என்றேன். இல்லாததை இல்லை என்று சொல்ல என்ன தயக்கம்? மணியன் சோபாவில் இருந்து இறங்கிக் கற்பூரம் ஏற்றினார். நான் கையை ஓங்கினேன்.

நித்யஸ்ரீ என் பக்கத்தில் வந்து, எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள்: "மாமா, சத்தியம் பண்ணாதீங்க. மொத மாசம் புளிக்கறப்ப அதுல கொஞ்சம் ஆல்கஹால் வருமுங்க. அப்பறம் அதுவே மாறிக் காடியா, வினிகராப் போயிரும். இதுக்கு இன்னும் மாசம் ஆகலீங்க."

"கொஞ்சம்னா?"

"கொஞ்சம்தானுங்க. ஆனா இல்லைன்னு சொல்ல முடியாது."

ஓங்கிய கை ஓங்கியபடி நின்றது. கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. அவள் சொன்னது வேறு யார் காதிலும் விழவில்லை. நான் அடித்துச் சொல்லியிருந்தால் முதல் குடம் எங்களுடையது. ஆத்தப்பன் நம்பியிருப்பார், நல்லான்கூட நம்பியிருப்பான். பொய்ச் சத்தியத்தின் மேல் ஏற்றிய குடத்தைத் தரணீதரன் தோளில் வைத்து அனுப்புவதை நான் ஒரு கணம் நினைத்துப் பார்த்தேன். கையை இறக்கினேன்.

"ஆத்தப்பா, சத்தியம் பண்ண மாட்டேன். என்ற மருமவ படிச்ச புள்ளை. அவ சொல்றா: இது தரை தொடைக்கிறதுக்குச் செய்யறது. முழுசாப் புளிச்சு முடியற வரைக்கும் இதுல மதுவோட அம்சம் ஒரு துளி இருக்குமாம். முடிஞ்சாக் காடியாயிருமாம். குடிக்கிற பொருளில்லை, குடிச்சவனும் இல்லை. உள்ளதைச் சொல்லிப்போட்டேன். மத்ததை நீங்க பாத்துக்குங்க."

நல்லான் "கேட்டீங்களா!" என்று துள்ளி, தண்ணீரில் வழுக்கி, நாற்காலியைப் பிடித்துக்கொண்டான்.

ஆத்தப்பன் கால் விரலில் ஒட்டியிருந்த தோலை ஒதுக்கிவிட்டார். பிறகு முகம் தெளிந்தது. "அண்ணா, இதுக்கு ஒரு வழி இருக்குதுங்க. ஒரு டிரம்மு தானாவே கொட்டிப்போச்சு. மிச்சம் எத்தனை?"

"ரெண்டுங்க" என்றாள் நித்யஸ்ரீ.

"அந்த ரெண்டையும் ஊருக்கு வெளிய கொண்டு போயிக் கொட்டீருங்க. ஊட்டக் கழுவி உடுங்க, பூசாரி மஞ்சத்தண்ணி தெளிக்கட்டும். நடந்தது நடந்துபோச்சு. குடம் உங்களுதுதான்."

நல்ல வழி. எல்லார் முகத்திலும் உயிர் வந்தது. "இப்பவே கொட்டீர்றனுங்க மாமா" என்று நித்யஸ்ரீ சாவிக்குக் கை நீட்டினாள். தரணீதரன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு எழுந்தான். கொல்லையில் இருந்து திரும்பி வந்த ராமுத்தாய் விளக்குமாற்றோடு தயாராக நின்றாள்.

"உக்காருங்க எல்லாரும்" என்றேன்.

அந்த டிரம்களின் மேல் எனக்கு எந்தப் பிரியமும் இல்லை. ஜூஸ் கடைச் சக்கை அது. மாதக்கணக்கில் என்னை நால்ரோட்டில் தலை குனிய வைத்தது. ஆனால் ஊர் சொல்லி அதை ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டினால் என்ன ஆகும்? கொட்டியவன் வீட்டில்தான் குற்றம் இருந்தது என்று ஆகும். மகுடேஸ்வரன் மருமகள் ஊறல் போட்டாள், கமிட்டி போய்க் கொட்ட வைத்தது என்று பேரன் காலத்திலும் சொல்வார்கள். மாமியார் மூச்சுவிட வேண்டும் என்பதற்காக அவள் செய்தது அது. அதைச் சாராயம் என்று நானே ஒப்புக்கொள்வதா?

"கொட்ட மாட்டோம், ஆத்தப்பா. எங்கூட்டு மருமவ பாத்ரூம் கழுவறதுக்குச் செஞ்ச தண்ணி அது. அதை ஊறல்னு ஒத்துக்கிட்டுக் கொட்டிப்போட்டு, அதே கையில தீர்த்தக்குடம் தூக்க மாட்டோம். கட்டுப்பாடு கட்டுப்பாடுதான். தட்டை நல்லாங்கிட்டக் குடுங்க."

"அண்ணா!" என்றார் ஆத்தப்பன்.

"மாமா, ரெண்டு டிரம்முதானுங்க. மறுபடியும் போட்டுக்கலாம்" என்றாள் நித்யஸ்ரீ.

"நீ பொட்டாட்ட இரு கண்ணு" என்று அவளைப் பேசாமல் இருக்கச் சொன்னேன்.

தட்டு நல்லானிடம் போனது. இத்தனை வருடமாக எதிர்பார்த்த தட்டு. முன்னால் நீட்டியதும் அவனுக்கு அதை எப்படி வாங்குவது என்று தெரியவில்லை. "அண்ணா, நான் ஏதோ வெளையாட்டுக்கு ஒரு வார்த்தை…" என்று இழுத்தான்.

"வாங்கிக்குங்க கொழுந்தனாரே" என்றாள் சுப்பாத்தாள். "வெத்தலை வாடிப்போகுது."

வாங்கிக்கொண்டான். போகும்போது வழுக்கிவிடாமல் இருக்கத் தரணீதரன் கையைப் பிடித்து வாசல்வரை விட்டு வந்தான். சித்தப்பா முறை அல்லவா.

நோம்பி நன்றாக நடந்தது. முதல் குடம் நல்லான் தோளில் வந்தது, இரண்டாம் குடம் தரணீதரன் தோளில். ஊர்வலத்து மேளம் ஒவ்வொரு வருடமும் எங்கள் வாசலில் நின்று அடித்துவிட்டுப் போகும். இந்த வருடம் நிற்காமல் தாண்டிப் போனது. அது வலித்தது. வலிக்கவில்லை என்று எழுதினால் நான் கற்பூரத்தை அடிக்காமல் விட்டதற்கு அர்த்தம் இல்லை. நான் வாசலில் நிமிர்ந்துதான் நின்றேன். பக்கத்தில் நித்யஸ்ரீ நின்றாள். அவள் மேளத்தைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ரோட்டைப் பாரு அம்மிணி, தீர்த்தம் போகுது" என்றேன்.

நல்லான் பாடு எங்களைவிடக் கடினம். முதல் குடம் எடுக்கிற வீட்டுக் கட்டுப்பாடு முழுவதும் இப்போது அவன் தலையில். தாம்பூலம் வாங்கிய நாள் முதல் நோம்பி முடிகிற வரைக்கும் சாயங்காலங்களில் அவன் வீட்டுக் கேட்டுக்கும் பைக்குக்கும் நடுவே நடந்துகொண்டே இருந்தானாம். அவன் மனைவி கலைமகள்தான் சொன்னாள். "அக்கா, மாரியாத்தா புண்ணியத்துல இந்த வருசம் பதினஞ்சு நாளு ஊட்டுல சாப்புட்டாரு" என்று சுப்பாத்தாளிடம் சொல்லிச் சிரித்தாள். போகும்போது சேலைத் தலைப்புக்குள் இருந்து ஒரு காலி பாட்டிலை எடுத்து நீட்டினாள். அவள் வீட்டு பாத்ரூம் டைல்ஸில் உப்புக்கறை போகவே இல்லையாம். கொடுக்கச் சொன்னேன். பழைய டிரம்மில் வடித்து வைத்த நல்லதில் இருந்து கொடுக்கச் சொன்னேன். எங்கள் வீட்டில் இருந்து அரைகுறையான பொருள் வெளியே போகக் கூடாது.

மிச்சம் இருந்த இரண்டு டிரம்களின் மூடியையும் அன்றே தளர்த்திவிட்டோம். அதற்குப் பிறகு தினமும் காலையில் அவற்றைத் திறந்து விட்டவன் நான்தான். சாவி என்னிடம் இருந்ததால் அந்த வேலையும் என்னிடம் வந்தது, வேறு காரணம் இல்லை. மூன்று மாதம் கழிந்து வடித்தபோது நித்யஸ்ரீ ஒரு சொட்டை விரலில் எடுத்து என் மூக்கருகே கொண்டுவந்தாள். காடி வாசம், அதற்கு அடியில் சாத்துக்குடி. "இப்பச் சத்தியம் பண்ணலாமுங்க மாமா" என்றாள். சுப்பாத்தாள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வந்திருந்தாலும் ராமுத்தாய் அங்கே நின்றிருந்தாள்.

அடுத்த நோம்பிக்குத் தாம்பூலம் யார் வீட்டுக்குப் போகும் என்பதைக் கமிட்டி முடிவு செய்யும். நான் கேட்கப் போவதில்லை. நாங்கள் கேட்டு வாங்குகிற குடும்பம் இல்லை.

கடைசியாக ஒன்று. மகுடேஸ்வரன் மருமகளுக்குப் பயந்து முதல் குடத்தை விட்டுவிட்டார், டிரம்மைக் கொட்ட மாட்டேன் என்று அவள் பெரியவர்கள் முன்னால் அடம்பிடித்தாள் என்று பெருமாநல்லூர் டீக்கடைகளில் பேச்சு இருக்கிறது. அது தவறு. அவள் கொட்டுகிறேன் என்றாள். கொட்டக் கூடாது என்று சொன்னது நான்.